மென்மையான ஷாம்பு

மென்மையான ஷாம்பு என்பது தோலையும் கண்ணையும் உறுத்தாமல் தலைமுடியின் அழுக்கை நீக்குவதற்கும், கழுவிய நீர் மண்ணிலும் நீர்நிலையிலும் சேரும்போது குறைந்த கேடே விளைவதற்கும் ஏற்ப உருவாக்கப்படும் தலைகழுவும் நீர்மம் ஆகும். உடலுக்குத் தேய்க்கும் ஷவர் ஜெல் எனப்படும் குளியல் கூழ்மமும் இதே அடிப்படையில் உருவாக்கப்படுகின்றது. இரண்டிலும் அழுக்கு நீக்கும் வேலையைச் செய்பவை பரப்புச் செயலிகள், அதாவது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருட்கள் ஆகும். வழக்கமான ஷாம்புகளில் இவை எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். மென்மையான வகையில் இந்த அளவு குறைக்கப்படுகின்றது. அத்துடன் உறுத்தல் மிகுந்த செயலிகளுக்குப் பதிலாக உறுத்தல் குறைந்தவை சேர்க்கப்படுகின்றன.

பெயரும் தொடக்கமும்

ஷாம்பு என்னும் சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாகும். அழுத்து, பிசை என்னும் பொருளுடைய சாம்போ என்ற இந்திச் சொல்லே இதன் மூலம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1814 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் திறந்த குளியல் நிலையத்தில், ஷாம்பு என்பது நீராவிக் குளியலுடன் உடம்பு பிடித்துவிடுதலையே குறித்தது. தலைகழுவுதல் என்னும் பொருள் பின்னர் ஏற்பட்டது.

செருமனியில் ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோப் 1903 இல் தூள் வடிவ ஷாம்புவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சோப்பு அல்லாத செயற்கை அழுக்குநீக்கியால் ஆன டிரீன் என்னும் ஷாம்பு 1930களில் அமெரிக்காவில் வெளிவந்தது. கண்ணை எரிக்காத குழந்தைகள் ஷாம்புவை ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 1953 இல் அறிமுகப்படுத்தியது. மென்மை என்பதைத் தனிக் குறிக்கோளாகக் கொண்ட கலவைகளுக்கு இதுவே முன்னோடி எனலாம்.

தமிழ்நாட்டில் ஷாம்பு சிற்றூர்களை அடைந்ததற்குக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணனும் அவருடைய மக்களும் சிறு பொட்டலங்களில் அதனை விற்றதே பெரும் காரணமாகும். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் தந்தையின் பெயரெழுத்துகளைக் கொண்டு சிக் என்னும் ஷாம்புவைத் தொடங்கினார். அந்நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. புட்டி வாங்க இயலாதவரும் சில்லறைக் காசுக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தலைகுளிக்கத் தொடங்கினர். அரப்பும் சீயக்காயும் இருந்த இடத்தில் இவ்வாறு சல்பேட்டு வகைச் செயலிகள் வந்து சேர்ந்தன.

பரப்புச் செயலிகள் இயங்கும் விதம்

பரப்புச் செயலியின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் நீண்ட வாலும் உண்டு. நீரில் இவற்றின் செறிவு ஓர் எல்லையைக் கடந்ததும், வால்கள் உட்புறமாகவும் தலைகள் வெளிப்புறமாகவும் அமைந்த சிறு உருண்டைகளாக இவை திரள்கின்றன. இவ்வுருண்டைகள் மீசெல் எனப்படும். மண்டைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையும் அதில் ஒட்டிய தூசியும் மீசெல்லின் உட்புறத்தில் சிக்கி நீரோடு வெளியேறுகின்றன.

சோடியம் லாரில் சல்பேட்டு தூய நீரில் மீசெல்லாகத் திரளத் தேவையான செறிவு, 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், அதாவது சுமார் 0.23 விழுக்காடு ஆகும். 12 விழுக்காடு செயலி கொண்ட ஷாம்பு 6 மில்லிலிட்டரை எடுத்து, ஈரமான கூந்தலில் உள்ள 50 மில்லிலிட்டர் நீரோடு கலப்பதாகக் கொண்டால், கிடைக்கும் செறிவு 1.3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். தேவையான எல்லையைப் போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். செயலியைப் பாதியாகக் குறைத்தாலும் அன்றாட அழுக்கு போய்விடும் என்பதற்கு இக்கணக்கே அடிப்படை. எண்ணெய் தேய்த்த தலைக்கு இது பொருந்தாது என்பது பின்னர்க் கூறப்படும்.

நுரைக்கும் தூய்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நுரை காற்றும் செயலியும் சேர்ந்த மெல்லிய படலமே. ஆனால் நுரை வராத ஷாம்புவை வாங்குவோர் அரிதாகையால், நுரைக்காகவே செயலியைக் கூட்டிச் சேர்க்கும் வழக்கம் தொழிலில் நிலைத்துவிட்டது.

உறுத்தல் ஏற்படும் காரணம்

தோலின் மேற்படலத்தில் புரதமும் கொழுப்பும் அடுக்கடுக்காக உள்ளன. எதிர்மின் அயனி வகையைச் சேர்ந்த செயலிகள் புரதத்தோடு பிணைந்து அதனை உப்பச் செய்கின்றன; இடையில் உள்ள கொழுப்பையும் கரைத்து வெளியேற்றுகின்றன. இதனால் தோல் வறண்டு, இழுத்துப்பிடித்தாற்போல் ஆகின்றது. மீசெல்லாகத் திரண்டவை பருமனானவை. தோலுக்குள் எளிதில் நுழையா. தனித்துத் திரியும் மூலக்கூறுகளே மிகுதியாக நுழைந்து உறுத்துகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கமாகும். எனவே, தனி மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது எப்படி என்பதே கலவை அமைப்போரின் முதன்மையான கேள்வி ஆகின்றது.

இதற்கு விடையாக அமைந்தது கலப்பு மீசெல் ஆகும். சோடியம் லாரெத் சல்பேட்டுடன் கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் என்னும் ஈரியல்புச் செயலியைச் சேர்க்கும்போது, எதிர்மின் தலைகளுக்கிடையே உள்ள விலக்கு விசை தணிந்து, குறைந்த செறிவிலேயே மீசெல் உருவாகின்றது. தனித்து நிற்கும் மூலக்கூறுகள் குறைகின்றன. ஒரு பொருளை மட்டும் தனியே 10 விழுக்காடு இடுவதைக் காட்டிலும், இரண்டையும் சேர்த்து அதே அளவு இட்டாலும் உறுத்தல் குறைவாக இருப்பது இதனால்தான்.

சல்பேட்டு புற்றுநோய் உண்டாக்கும் என்று 1990களின் இறுதியில் மின்னஞ்சல் வழியே பரவிய செய்தி வெறும் வதந்தியாகும். சோடியம் லாரில் சல்பேட்டின் குறை அதன் உறுத்தலே. சோடியம் லாரெத் சல்பேட்டு குறித்து எழுப்பப்படும் கேள்வி வேறானது. அதன் தயாரிப்பில் எத்திலீன் ஆக்சைடு பயன்படுவதால் 1,4-டையாக்சேன் என்னும் பொருள் சிறிதளவு உடன் உண்டாகின்றது. இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தயாரிப்பின்போதே வெற்றிடத்தில் ஆவியாக்கி இதனைப் பெருமளவு நீக்க முடியும்.

கலவை அமைத்தல்

சல்பேட்டுக்கு மாற்றாகப் பயன்படும் செயலிகளுள் குளுக்கோசைடுகள் முக்கியமானவை. மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுப்பொருளிலிருந்து பெறப்படும் குளுக்கோசையும், தேங்காய் எண்ணெய் அல்லது பனைக்கொட்டை எண்ணெயிலிருந்து பெறப்படும் கொழுப்பு ஆல்ககாலையும் இணைத்து இவை தயாரிக்கப்படுகின்றன. எமில் பிஷர் 1893 இல் இத்தகைய வினையை விளக்கியிருந்தார்; எனினும் பெருமளவில் ஆலையில் தயாரிப்பது ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தே கைகூடியது. தேங்காய்க் கொழுப்பு அமிலங்களிலிருந்து பெறப்படும் கோகோயில் ஐசெத்தியோனேட்டு, கோகோயில் குளுட்டமேட்டு ஆகியவையும் மென்மையானவை. முன்னது 1957 இல் அமெரிக்காவில் வெளிவந்த டவ் குளியல் கட்டியின் அடிப்படைப் பொருளாகும்.

செயலியைக் குறைத்தவுடன் முதலில் எழும் சிக்கல் நீர்த்துப்போதல் ஆகும். சோடியம் லாரெத் சல்பேட்டும் பீட்டெய்னும் சேர்ந்த கரைசலில் சிறிது சமையல் உப்பு இட்டால் மீசெல்கள் நீண்ட புழுப்போல் வளர்ந்து பின்னிக்கொண்டு கரைசல் தடித்துவிடும். மலிவான ஷாம்புகள் தடிப்பாக இருப்பதன் மறைபொருள் இதுவே. செயலி குறைந்தால் பின்னுவதற்குப் போதிய மீசெல் இராது. எவ்வளவு உப்பு இட்டாலும் பயன் இல்லை. குளுக்கோசைடுகளுக்கோ மின்சுமையே இல்லையாதலால் உப்புக்கு அவை மசிவதில்லை. எனவே சாந்தன் பிசின் போன்ற தடிப்பாக்கி தேவைப்படுகின்றது. பொதுவாக 1 விழுக்காட்டை ஒட்டிய அளவு போதும். பிசினை நேரடியாக நீரில் தூவினால் கட்டி கட்டும். முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பின் நீரில் சேர்ப்பதே முறை.

மாதிரிக்கு, 7 விழுக்காடு செயலி கொண்ட ஒரு கலவையைக் கருதலாம். இதில் லாரெத் சல்பேட்டு 3.5 பங்கும், பீட்டெய்ன் 2 பங்கும், டெசில் குளுக்கோசைடு 1.5 பங்கும் இருக்கட்டும். சந்தையில் பீட்டெய்ன் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் கரைசலாகவும், டெசில் குளுக்கோசைடு ஏறத்தாழ 50 விழுக்காட்டுக் கரைசலாகவும் கிடைப்பதால், 100 கிராம் ஷாம்புவுக்கு முன்னதில் 6.7 கிராமும் பின்னதில் 3 கிராமும் நிறுக்க வேண்டும். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் 2 கிராம், 1.5 கிராம் என்றே நிறுப்பது தொடக்க நிலையினர் செய்யும் பொதுவான பிழையாகும். டெசில் குளுக்கோசைடு கடும் காரத்தன்மையுடன் விற்கப்படுகின்றது. சிட்ரிக் அமிலம் சேர்த்து இறுதியில் பி.எச் மதிப்பை 5 அளவுக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது. மண்டைத்தோலின் இயல்பான பி.எச் மதிப்பு 5.5 ஐ ஒட்டியதாகும். சோப்பின் பி.எச் மதிப்பு 9 முதல் 10 வரை உள்ளது.

அமிலத்தன்மைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மிகுதியாக நீர் கொண்ட கலவையில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகும். சோடியம் பென்சோயேட்டு இதனைத் தடுக்கும். ஆயினும் அதன் பிரிகையுறாத அமில வடிவமே நுண்ணுயிரின் உட்புகவல்லது. பி.எச் 5 இல் ஏறத்தாழ 14 விழுக்காடு இவ்வடிவில் இருக்கும். பி.எச் 6 ஆனால் 2 விழுக்காடும் தேறாது. ஒரே ஒரு எண் வேறுபாட்டில் பாதுகாப்பு ஏறக்குறைய மறைந்துவிடுகின்றது. பதப்படுத்தி எதுவும் இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் நீர்ம ஷாம்புவை வாங்குவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. கெட்டுப்போன ஷாம்பு, பதப்படுத்தி இட்ட ஷாம்புவை விடத் தீங்கானது.

கூந்தல் சிக்காமல் இருப்பதற்கு நேர்மின் சுமையூட்டப்பட்ட கொத்தவரைப் பிசின் பயன்படுகின்றது. இராசத்தானில் பெருமளவில் விளையும் கொத்தவரை விதையே இதன் மூலப்பொருள். தலையை அலசும்போது இது முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. எதிர்மின் சுமையுடைய சாந்தன் பிசினுடன் இதனைக் கவனமின்றிச் சேர்த்தால் இரண்டும் பிணைந்து திரிந்துவிடும்.

மரபுவழிப் பொருட்கள்

தமிழ்நாட்டில் தலைகழுவப் பயன்பட்ட சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகிய மூன்றிலும் சப்போனின் என்னும் இயற்கைப் பரப்புச் செயலி உள்ளது. சீயக்காய் முட்கள் நிறைந்த ஏறுகொடியின் காய். அரப்பு என்பது உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த தூள். மழை குறைந்த வறள் காடுகளில் இம்மரம் இயல்பாக வளர்கின்றது. உசிலம்பட்டி என்னும் ஊர்ப்பெயரும் இம்மரத்தையொட்டியே வழங்குகின்றது. பூந்திக்கொட்டை துணி துவைக்கவும் பட்டு, நகை ஆகியவற்றைக் கழுவவும் பயன்படுகின்றது.

இப்பொருட்களை மட்டும் தனியே பயன்படுத்தாமல் வடித்த கஞ்சியில் குழைப்பதும், வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் சேர்த்து அரைப்பதும் வழக்கம். யாழ்ப்பாணத்தில் சீயாக்காயுடன் வெந்தயத்தையும் தேசிக்காயையும் சேர்த்து அவித்து முழுகுவர். இன்றைய கலவையியலின் நோக்கில் இவ்வழக்கம் கருதத்தக்கது. கஞ்சியின் மாவுப்பொருளும், செம்பருத்தி இலையின் வழுவழுப்பும் தடிப்பாக்கியின் வேலையைச் செய்கின்றன. வெந்தயத்தில் உள்ள பிசின் கொத்தவரைப் பிசினின் இனத்தைச் சேர்ந்தது. தேசிக்காயின் சிட்ரிக் அமிலம் பி.எச் மதிப்பைக் குறைக்கின்றது. செயலி குறைவு, பிசின் மிகுதி, சிறிது அமிலம் என்னும் இன்றைய மென்மையான ஷாம்புவின் அமைப்பு, அம்மிக்கல்லில் முன்னரே இருந்தது.

ஆயினும் இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது எனக் கொள்ள இயலாது. சீயக்காய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சப்போனின் மீன்களின் செவுள்களைத் தாக்கும் நஞ்சாகும். இறால் குளங்களில் தேவையற்ற மீன்களைக் கொல்லச் சப்போனின் மிகுந்த தேயிலை விதைப் பிண்ணாக்கு இடப்படுவது இப்பண்பினால்தான். அரைத்த அரப்பு ஓடையில் கலந்தால் கேடே இல்லை என்று சொல்வதை விட, அது அளவில் சிறியது, விரைவில் சிதைவது, நெகிழிப் பொட்டலம் இல்லாதது என்று சொல்வதே சரியாகும்.

பூலாம்பாடிப் பகுதியும் கழுவுநீரும்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைப் பக்கமாக அமைந்த பேரூராட்சி பூலாம்பாடி ஆகும். இம்மாவட்டம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. குளுக்கோசைடு தயாரிப்புக்கு அடிப்படையான மாவுப்பொருள் மக்காச்சோளத்தில் நிறைந்திருந்தாலும், இங்கு விளைவதன் பெரும் பயன்பாடு கோழித்தீவனமே.

இப்பகுதியில் ஷாம்பு குறித்த பேச்சு நீரிலிருந்தே தொடங்க வேண்டும். கிழக்கே அரியலூர் சுண்ணாம்புக்கல் படிவுகளுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. பெரம்பலூரின் மேற்குப் பகுதியில் கடினப் பாறையைத் துளைத்தெடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரே பல வீடுகளுக்கு ஆதாரம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரில் சோப்பு நுரைக்காது. திரிந்து வெண்ணிறப் பசையாகத் தலையில் ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் என்று மக்கள் சொல்வது இதனையும் சேர்த்தே. சல்பேட்டு வகை ஷாம்பு இந்நீரிலும் நுரைக்கும். சிற்றூர்களில் ஷாம்பு எளிதில் வேரூன்றியதற்கு விலை மட்டுமன்றி நீரின் கடினத்தன்மையும் காரணம் என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பீட்டெய்னும் குளுக்கோசைடும் கடின நீரால் பாதிக்கப்படாதவை என்பதால், இத்தகைய ஊர்களுக்கு மென்மையான கலவைகள் முற்றிலும் பொருந்தும்.

இரண்டாவது, கழுவிய நீர் செல்லும் இடம். ஐரோப்பிய நாடுகளில் ஒரு செயலி சுற்றுச்சூழலுக்கு உகந்ததா என மதிப்பிடும்போது, கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் என்று கருதுகின்றனர். பாதாளச் சாக்கடை இல்லாத பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் குளியலறை நீர் திறந்த கால்வாய்க்கோ, புழக்கடையில் உள்ள வாழைக்கும் தென்னைக்குமோ நேரே செல்கின்றது. சிதைவதற்கான காலம் கிடைக்குமுன்பே செயலி மண்ணை அடைகின்றது. உப்பு இட்டுத் தடிப்பாக்கிய ஷாம்புவில் உள்ள சோடியமும் உடன் சேர்கின்றது. களிமண் நிலத்தில் சோடியம் மிகுந்தால் மண் இறுகி நீர் இறங்காது. ஆகவே உப்பில்லாமல் பிசினால் தடிப்பாக்கிய கலவை, தோட்டத்துக்கு நீர் விடும் வீடுகளுக்குக் கூடுதல் நன்மை உடையது.

அளவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் வாரம் இருமுறை 6 மில்லிலிட்டர் வீதம் 12 விழுக்காட்டு ஷாம்பு பயன்படுத்தினால் வாரத்துக்கு 5.8 கிராமும், ஆண்டுக்கு ஏறத்தாழ 300 கிராமும் செயலி வெளியேறும். ஷாம்புவை மாற்றினால் இதில் 100 முதல் 150 கிராம் வரை குறைக்கலாம். இக்கணக்கில் துணி துவைக்கும் தூள் சேரவில்லை. அதனோடு ஒப்பிட்டால் ஷாம்புவின் பங்கு சிறியதே.

சிதைவும் நச்சுத்தன்மையும்

1950களில் கிளைத்த சங்கிலி கொண்ட அழுக்குநீக்கிகள் சிதையாமல் தங்கியதால் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் மிதந்தது. செருமனி 1961 இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. நேர்ச்சங்கிலிப் பொருட்களுக்கு உலகம் மாறியது அதன் பின்னரே. எளிதில் சிதைவது என்று ஒரு பொருளைக் கூற, 28 நாள் சோதனையில் அது குறைந்தது 60 விழுக்காடு கரியமில வாயுவாகச் சிதைய வேண்டும். லாரெத் சல்பேட்டு, பீட்டெய்ன், குளுக்கோசைடு ஆகிய மூன்றும் இச்சோதனையில் தேறுபவை. எனவே சல்பேட்டு இல்லை என்பதை மட்டும் கொண்டு ஒரு ஷாம்புவைப் பசுமையானது எனல் பொருந்தாது.

எளிதில் சிதையாதவை பெரும்பாலும் துணைப்பொருட்களே. பளபளப்புக்குச் சேர்க்கும் வளைய வடிவச் சிலிக்கோன்களுள் டி4, டி5 ஆகிய இரண்டை, கழுவிவிடும் பொருட்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் தடை செய்துள்ளது. குளியல் கூழ்மங்களில் உரசுபொருளாக இருந்த நெகிழி மணிகளை அமெரிக்கா 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கியது.

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்கள் 2020 ஆம் ஆண்டின் விதிகளுக்கு உட்பட்டவை. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களுக்கு ஈகோமார்க் முத்திரை வழங்கும் திட்டம் 1991 இல் தொடங்கி, 2024 இல் புதிய விதிகளுடன் மாற்றியமைக்கப்பட்டது. ஆதாரமின்றிப் பசுமை, இயற்கை நேயம் எனப் பொருட்களை விளம்பரம் செய்வதற்கு எதிரான வழிகாட்டு நெறிகளும் 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டன.

குறைபாடுகள்

மென்மையான செயலிகளும் ஒவ்வாமை விளைவிக்கக்கூடும். அமெரிக்கத் தொடுதோலழற்சிக் கழகம் பீட்டெய்னை 2004 இலும், குளுக்கோசைடுகளை 2017 இலும் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகச் சுட்டியது. பீட்டெய்னில் எஞ்சும் மாசுகளே அதன் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் என்று கருதப்படுகின்றது.

எண்ணெய்க் குளியலுக்கு இவ்வகை ஷாம்பு போதுவதில்லை. நல்லெண்ணெய் ஊறிய கூந்தலை இதனால் கழுவினால் பிசுக்கு எஞ்சும். இருமுறை, மும்முறை தேய்க்க நேரும். அப்போது குறைத்த செயலி முழுவதும் திரும்ப வந்துவிடுவதுடன் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும். அத்தகைய நாட்களில் முதலில் கடலைமாவோ பயற்றமாவோ தேய்த்து எண்ணெயை உறிஞ்சவிட்டுப் பின்னர் ஷாம்புவைப் பயன்படுத்துவது சிக்கனமானது.

நெகிழிப் பொட்டலம் தீராத சிக்கலாக உள்ளது. பல அடுக்குகளால் ஆன பொட்டலத்தை மறுசுழற்சி செய்வது கடினம். செயலி குறைந்த ஷாம்புவில் நீரின் பங்கு கூடுவதால், ஒரே அளவு தூய்மைக்குக் கூடுதல் பொட்டலங்கள் தேவைப்படவும் கூடும். ஐசெத்தியோனேட்டு கொண்டு செய்யப்படும் ஷாம்புக் கட்டி, தாளில் சுற்றி விற்கத்தக்கதாகையால் இதற்கு ஒரு மாற்றாகும். எனினும் ஒரு கட்டியின் விலை பல பொட்டலங்களின் விலைக்கு இணையாக உள்ளது. அன்றன்று கூலி பெறுவோர் ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என வாங்குவதற்கான காரணம் இன்னும் மாறவில்லை.